முன்னாள் தலைவர்களின் இந்நாள் பணி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

'ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இரா' என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு செயலில் ஊறிப் போனவர் அதைவிட்டு விலகினாலும் அவருடைய மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது இதன் பொருள். இது கூத்தாடுபவருக்கும் பாடகருக்கும் மட்டும் பொருந்துவதன்று. ஒரு சங்கத்திற்குத் தலைவராக இருந்து, காலம் முடிந்ததும் நாற்காலியை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு இறங்கியவருக்கும் பொருந்தும். அவர் பெற்ற அனுபவம் என்ன ஆகிறது? அவரோடு வீட்டிற்குப் போய்விடுகிறதா? அல்லது சங்கத்திலேயே தங்குகிறதா? தங்குமானால் அதனால் விளைவது நன்மையா, தொல்லையா? உலகின் பெரிய தொண்டு அமைப்புகளுள் ஒன்றான ரோட்டரி சங்கத்தை எடுத்துக்கொண்டு இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓராண்டுத் தலைமை

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவில் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் ஓர் அறையில் கூடினர். நண்பர்களுள் ஒருவர் நிலக்கரி வணிகர். ஒருவர் சுரங்கப் பொறியாளர். ஒருவர் தையற்கடை நடத்தியவர். ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அலுவலகத்தில் எனச் சுழற்சி முறையில் கூடியதால் சங்கத்திற்கு ரோட்டரி என்ற பெயர் வந்தது. இந்தியாவில் முதற்சங்கம் கல்கத்தாவில் 1919ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னையில் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று நம் தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூட இதன் சக்கரச் சின்னத்தைக் காண்கிறோம்.

பெயரில் இருந்த சுழற்சி, பதவியிலும் உண்டு. ரோட்டரி ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தொடங்கி ஜூன் 30ஆம் நாள் முடிகிறது. ஊர்ச் சங்கத்தின் தலைவரும், பல சங்கங்கள் சேர்ந்த 'மாவட்டம்' எனப்படும் பகுதியின் ஆளுநரும், உலகத் தலைவரும் ஓராண்டுக் காலத்திற்கே பதவி வகிக்கின்றனர். (இங்கு மாவட்டம் என்பது கலெக்டர் ஆளும் மாவட்டமன்று, ரோட்டரி தன் வசதிக்காக வகுத்துக்கொண்ட பிரிவு.)

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. எவரும் நாற்காலியில் வேரூன்ற முடியாது. ஆனால் ஒரு குறையும் உண்டு. கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது, எந்த மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொள்வதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். வேலை சூடு பிடிக்கும்போது ஆண்டு முடிந்துவிடும். இந்தக் குறையை நிரப்பவே முன்னாள் தலைவர்கள் தேவைப்படுகிறார்கள்.

முன்னாள்களுக்கு உள்ள இடம்

முதலாவதாக, ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் சென்ற ஆண்டுத் தலைவர், 'உடனடி முன்னாள் தலைவர்' என்ற பெயரில் இவ்வாண்டு நிர்வாகக் குழுவிலும் அமர்கிறார். அவருக்குப் பக்கத்தில் அடுத்த ஆண்டுத் தலைவரும் அமர்கிறார். நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒரே மேசையைச் சுற்றி இருக்கின்றன.

இரண்டாவதாக, மாவட்ட அளவில் முன்னாள் ஆளுநர்கள் அனைவரும் சேர்ந்த ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. பதவியில் உள்ள ஆளுநருக்கு யோசனை சொல்வதும், புதிய தலைவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், புதிய சங்கங்கள் தொடங்க உதவுவதும் முன்னாள் ஆளுநர்களின் பணிகள். ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனையும் இருக்கிறது. இவர்கள் சொல்லும் யோசனை, பதவியில் உள்ளவரின் அதிகாரத்தைக் குறைப்பதாக இருத்தல் கூடாது. சொல்லலாம், கட்டளையிடக் கூடாது.

மூன்றாவதாக, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் சட்டமன்றம் போன்ற பேரவை ஒன்று ரோட்டரிக்கு உண்டு. சங்கத்தின் விதிகளை மாற்றும் அதிகாரம் அதற்கே. மாவட்டத்திற்கு ஒருவர் வீதம் அங்கே செல்லும் பிரதிநிதிகள் பெரும்பாலும் முன்னாள் ஆளுநர்களே.

இவர்கள் அடைந்த வெற்றி ஒன்றையும், இவர்கள் அவையில் நேர்ந்த தாமதம் ஒன்றையும் இனிப் பார்ப்போம்.

இருபத்தாறரை டாலர்

1916-17இல் ரோட்டரியின் தலைவராக இருந்தவர் ஆர்ச் கிளம்ப். 1917ஆம் ஆண்டு அட்லாண்டா மாநாட்டில், பதவி முடியும் தறுவாயில், உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதி தொடங்கலாம் என்றார். அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட் மட்டுமே. அதையும் அனுப்பியது கன்சாஸ் நகரச் சங்கம். பதவியோடு அவர் அக்கறையும் முடிந்திருந்தால் அந்த நிதி அன்றே மறைந்திருக்கும். அவர் விடவில்லை. 1928இல் அது ரோட்டரி அறக்கட்டளை எனப் பெயர் பெற்றபோது, அதன் அறங்காவலர் குழுவுக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் அதே முன்னாள் தலைவர்தான். 1947இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது, அவர் நினைவாக வந்த நன்கொடைகள் இந்த அறக்கட்டளையில் குவிந்தன. அதே ஆண்டில் 18 மாணவர்கள் வெளிநாடு சென்று பயில உதவித்தொகை வழங்கப்பட்டது. விதை போட்டவர் பதவியில் இருந்தது ஓராண்டு. தண்ணீர் ஊற்றியது பல ஆண்டு!

இருபத்தொன்பது ஆண்டு வேலை

1978-79இல் உலகத் தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிளெம் ரெனூஃப். நலவாழ்வு, பசி நீக்கம், மனித மேம்பாடு ஆகியவற்றுக்கான ஒரு புதுத் திட்டத்தை அவர் ஆண்டில் ரோட்டரி தொடங்கியது. அத்திட்டத்தின் முதல் வேலையாக 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து அளிக்கும் பணி தொடங்கியபோது ரெனூஃப் பதவியில் இல்லை, அடுத்தவர் வந்துவிட்டார். ஆயினும் திட்டம் நிற்கவில்லை. 1985இல், மெக்சிகோ நாட்டு மருத்துவர் கார்லோஸ் கான்செக்கோ தலைவராக இருந்தபோது, உலகக் குழந்தைகள் அனைவருக்கும் என அது விரிந்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனமும் அரசுகளும் கைகோத்தன. அவ்வாண்டில் 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகளைப் போலியோ முடக்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் தாக்கப்பட்ட கடைசிக் குழந்தை 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27ஆம் நாள் நம் நாடு போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. இன்று பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே அக்கிருமி நிலையாகத் தங்கியுள்ளது. சொட்டு மருந்து கொடுத்து வீடு வீடாக நடந்தவர்கள் அரசு ஊழியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தொண்டர்களுமே. பெரும் பங்கு அவர்களுடையது. ரோட்டரி அதில் ஒரு தோள்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1985 முதல் 2014 வரை 29 ஆண்டுகள். அப்படியானால் ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் 29 தலைவர்கள் மாறியிருப்பார்கள். ஒவ்வொருவரும் 'என் ஆண்டில் நான் புதிதாக ஒன்று செய்வேன்' என்று புறப்பட்டிருந்தால் இந்த வேலை மூன்றாம் ஆண்டிலேயே கைவிடப்பட்டிருக்கும். கயிறு அறாமல் காத்தவர்களுள் முன்னாள் தலைவர்களும் முன்னாள் ஆளுநர்களும் முக்கியமானவர்கள்.

கையால் செய்யும் தொண்டு

யோசனை சொல்வதோடு நிற்காமல் தாமே களத்தில் இறங்கியவர்களும் உண்டு. சண்டிகரைச் சேர்ந்த ராஜேந்திர சாபூ 1991-92இல் உலகத் தலைவர். அவர் மருத்துவர் அல்லர்; தொழிலதிபர். பதவி முடிந்த பின்னர் இந்திய மருத்துவர்களைத் திரட்டி, ஆப்பிரிக்க நாடுகளில் ஏழைகளுக்கு அறுவைச் சிகிச்சை முகாம்கள் நடத்த அழைத்துச் சென்றார். 1998இல் உகாண்டாவில் தொடங்கிய அப்பணி பல நாடுகளுக்குப் பரவியது. உலகத் தலைவராக இருந்தவருக்கு நோயாளிகளின் வரிசையை ஒழுங்கு செய்வது தாழ்வான வேலையாகத் தோன்றவில்லை.

கதவை அடைத்ததும் திறந்ததும்

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இது கட்டுரையாகாது. வாழ்த்து மடல் ஆகிவிடும்.

ரோட்டரி பல்லாண்டுகள் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1970களிலும் 1980களிலும் பெண்களைச் சேர்க்கலாம் என்ற தீர்மானம் விதிகளை மாற்றும் பேரவைக்குப் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் தோற்றது. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அச்சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டுவார்ட்டே பக்கம் தீர்ப்பளித்தது. 1989இல் கூடிய பேரவை, பெண்களுக்குத் தடையாயிருந்த விதியை உலகம் முழுவதற்குமாக நீக்கியது. 2022-23இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் முதல் பெண் உலகத் தலைவரானார். சங்கம் தோன்றி 117 ஆண்டுகளுக்குப் பிறகு!

அனுபவம் மிக்கவர்கள் கூடிய அவை ஏன் இத்தனை முறை மறுத்தது? 'எங்கள் காலத்தில் இப்படி இல்லையே' என்ற எண்ணம்தான் முதற்காரணம் எனத் தோன்றுகிறது. அனுபவம் விளக்காகவும் இருக்கலாம், வேலியாகவும் ஆகலாம்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு இதை நினைக்கும்போது வினையூக்கி நினைவுக்கு வருகிறது. வினையூக்கி வினையை விரைவுபடுத்தும். முடிவில் தான் மாறாமல் வெளிவரும். விளைபொருளில் பங்கு கேட்காது. நல்ல முன்னாள் தலைவர் அப்படிப்பட்டவர். ஆனால் கந்தக அமிலம் தயாரிக்கும் தொடுமுறையில் பிளாட்டினம் வினையூக்கியில் சிறிதளவு ஆர்சனிக் படிந்தாலும் அது செயலிழந்துவிடும் என்று படித்திருக்கிறோம். அதை வினையூக்கி நச்சு என்பர். முன்னாள் தலைவருக்கு அந்த நஞ்சு எது? மேடையில் முதல் வரிசை நாற்காலியும், மாலையும், 'என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம்?' என்ற கேள்வியுமே.

நமக்கு என்ன?

இதெல்லாம் பெரிய மனிதர்களின் சங்கக் கதை. நமக்கு என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நமக்குத்தான் இது மிகவும் வேண்டியது என்பேன்.

1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். நம் கல்லூரியிலும் அது நடைபெறுகிறது. ஒரு மாணவர் அதில் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். அத்துடன் சரி. ஆகவே முதலாண்டில் சேர்ந்தவர் மூன்றாமாண்டில் 'முன்னாள்' ஆகிவிடுகிறார். கல்லூரியில் இருந்துகொண்டே முன்னாள்! முகாமில் நாம் நட்ட கன்றுகளுக்கு அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார்? எந்த ஊரில் தலைமையாசிரியர் பள்ளிக் கட்டடத்தைத் தங்கக் கொடுத்தார், சமையல் பாத்திரம் எங்கே குறைந்த வாடகைக்குக் கிடைத்தது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்வது யார்?

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எப்போது நாற்று விட வேண்டும், வானம் எப்படி இருந்தால் மழை வரும் என்றெல்லாம் என் தந்தையார் சொல்லித் தருவார். அது குறைந்த அறிவன்று. ஆனால் உதவித்தொகை விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, வருமானச் சான்றிதழுக்கு யாரிடம் போவது என்று சொல்ல அவரால் முடியாது. அவற்றை எனக்குச் சொன்னவர்கள் மூன்றாமாண்டு அண்ணன்களும் அக்காள்களுமே. நம் கல்லூரியில் பலருடைய நிலையும் இதுதான். பரம்பரையாகப் படித்த குடும்பங்களில் அனுபவம் வீட்டிலேயே கிடைக்கிறது. நமக்கோ நமக்கு முன்னால் சென்றவர்களே அந்தச் சொத்து. அவர்கள் வாய் திறக்காமல் போய்விட்டால் ஒவ்வோர் ஆண்டும் நாம் முதற்படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் எண்ணிப் பார்க்கச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, மூன்றாமாண்டில் உள்ள முன்னாள் தொண்டர்களைக் கொண்ட ஒரு சிறு குழு அமைக்கலாம். அதற்குத் தலைவர், செயலாளர் என்ற பதவிகளே வேண்டாம்.

இரண்டு, அக்குழு ஒரு குறிப்பேடு எழுதி வைக்கலாம். எந்தக் கிராமம், என்ன வேலை, எவ்வளவு செலவு, எது பாதியில் நின்றது என்பனவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். வெற்றிகளைவிட நின்றுபோன வேலைகளே அடுத்தவருக்கு அதிகம் பயன்படும்.

மூன்று, குருதிக்கொடையாளர் பதிவேட்டை இவர்களே பராமரிக்கலாம். 18 வயது நிறைந்து 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள உடல்நலமுடையோர் குருதி கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறை. யார் எப்போது கொடுத்தார் என்ற குறிப்பு இருந்தால்தான், நள்ளிரவில் அரசு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது உடனே சரியான ஆளை அனுப்ப முடியும்.

நான்கு, கேட்டால் சொல்ல வேண்டும். கேட்காதபோது பொறுத்திருக்க வேண்டும். முடிவு செய்யும் உரிமை இவ்வாண்டுத் தொண்டர்களுடையது. ரோட்டரி முன்னாள் ஆளுநர்களுக்கு விதித்த எல்லையை நாமும் ஏற்றுக்கொள்வோம்.

வரும் ஜூன் திங்களில் என் வகுப்புத் தோழர்கள் பலரும் நானும் 'முன்னாள்' வரிசையில் சேரப்போகிறோம். நாங்கள் நட்ட வேப்பங்கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்கூட வளரவில்லை. வாளியும் கிணறும் அங்கேயேதான் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவதற்குப் பதவி எதற்கு?