பெஞ்ச் (பணி நிலை)

பெஞ்ச் என்பது ஆலோசனை நிறுவனங்களிலும் தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களிலும், பணியில் சேர்ந்து ஊதியம் பெற்றுவரும் ஊழியர் ஒருவர் எந்த வாடிக்கையாளரின் திட்டப்பணியிலும் அமர்த்தப்படாமல் காத்திருக்கும் நிலையைக் குறிக்கும் சொல் ஆகும். சம்பளம் உண்டு, அடையாள அட்டை உண்டு, வேலை மட்டும் இல்லை என்பதே இந்நிலையின் சுருக்கம். இந்நிறுவனங்களில் பணியாற்றுவோரின் அனுபவங்களில் பெரும்பாலானவை இந்த நிலையிலிருந்தோ, இந்த நிலைக்கு வந்துவிடுவோமோ என்ற அச்சத்திலிருந்தோ பிறக்கின்றன. விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களிலிருந்து ஆண்டுதோறும் பொறியியல் பட்டதாரிகள் பலர் இப்பணிகளுக்குச் செல்கின்றனர். ஆலைத் தொழிலும் நெசவும் நெடுங்காலமாக நிலவும் இப்பகுதிக்கு, வேலைக்காகக் காத்திருக்கும் ஊழியர் என்பவர் புதியவர் அல்லர்.

சொல்

விளையாட்டில் மாற்று ஆட்டக்காரர்கள் களத்துக்கு வெளியே அமர்ந்திருக்கும் நீண்ட இருக்கையிலிருந்து இச்சொல் பெறப்பட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவரைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைக்கும் தண்டனைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆயினும் பெஞ்சில் பல வாரங்கள் இருந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் இதே நிலையைக் "கடற்கரையில் இருத்தல்" என்ற பொருள்படும் ஆங்கில வழக்கால் குறிப்பிடுவர். பெயரில் ஓய்வு தொனித்தாலும் நடைமுறையில் ஓய்வு குறைவு.

ஏன் ஏற்படுகின்றது

தொழிற்சாலை ஒன்று பொருளைச் செய்து விற்கின்றது. ஆலோசனை நிறுவனம் தன் ஊழியரின் நேரத்தை விற்கின்றது. வாடிக்கையாளரிடம் ஒரு மணிக்கு இவ்வளவு, ஒரு நாளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறுவதே இத்தொழிலின் அடிப்படை. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மெக்கின்சி போன்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களும், ஆர்தர் ஆண்டர்சன் என்ற கணக்காய்வு நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவாக வளர்ந்து 2001இல் அக்சென்ச்சர் எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனமும், இந்தியாவில் 1968இல் தொடங்கப்பட்ட டாட்டா கன்சல்டன்சி சர்வீசசும் அளவிலும் பணியின் தன்மையிலும் வேறுபட்டவை. ஆனால் விற்கப்படுவது மனித நேரம் என்பது இவை அனைத்துக்கும் பெருமளவில் பொதுவானது.

இதனால் ஒவ்வோர் ஊழியரும் நாள்தோறும் அல்லது வாரந்தோறும் நேரப்பதிவுத் தாளை நிரப்ப வேண்டியுள்ளது. எட்டு மணி நேரத்தில் எத்தனை மணி எந்த வாடிக்கையாளரின் கணக்கில் சேரும் என்பது அதில் எழுதப்படும். கட்டணம் பெறக்கூடிய மணிகளை மொத்தப் பணி மணிகளால் வகுத்தால் கிடைப்பது பயன்பாட்டு விகிதம். எடுத்துக்காட்டாக, 22 பணி நாட்கள் உள்ள மாதத்தில் ஒருவர் 176 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அவர் 15 நாட்கள் மட்டுமே திட்டப்பணியில் இருந்தால் 120 மணி நேரம் கணக்கில் வரும். விகிதம் ஏறத்தாழ 68 விழுக்காடு. எஞ்சிய ஏழு நாட்களும் அவர் பெஞ்சில் இருந்தவர் ஆவார்.

பெஞ்ச் முழுவதும் வீண்செலவு அன்று. 100 பேர் உள்ள நிறுவனத்தில் 80 பேர் திட்டங்களில் இருந்தால், மற்ற 20 பேரின் ஊதியம் அந்த 80 பேரின் உழைப்பிலிருந்தே வருகின்றது. ஆனால் புதிய வாடிக்கையாளர் அடுத்த வாரமே பத்துப் பேரைக் கேட்கும்போது கையில் ஆள் இல்லையெனில் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும். எனவே ஓரளவு ஆட்களைக் காத்திருக்க வைத்திருப்பது நிறுவனத்தின் தேவையே ஆகும். அத்தேவையின் சுமை காத்திருப்பவரின் தனிப்பட்ட குறைபாடாக எழுதப்படுவதுதான் இம்முறையின் சிக்கல்.

ஆலைப் பதிலியும் நெசவாளரின் பாவும்

இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டு இராஜபாளையம் மில்சு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதனைத் தொடர்ந்து நூற்பாலைகள் பல எழுந்தன. இந்தியாவின் பஞ்சாலைகளில் "பதிலி" என்றொரு வகைத் தொழிலாளர் உண்டு. நிலையான தொழிலாளர் ஒருவர் வராத நாளில் மட்டும் அவருடைய இடத்தில் வேலை செய்பவர் இவர். ஒவ்வொரு முறை வேலை நேரம் தொடங்கும்போதும் ஆலை வாயிலில் வந்து நிற்பார். உள்ளே ஆள் குறைந்திருந்தால் அழைக்கப்படுவார். இல்லையெனில் கூலியின்றி வீடு திரும்புவார். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் பதிலித் தொழிலாளரை வரையறுத்ததுடன், ஓராண்டு தொடர்பணி முடித்தவரைப் பதிலியாகக் கருதலாகாது என்றும் கூறியது. பன்னிரண்டு மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தால் ஓராண்டுத் தொடர்பணியாகக் கொள்ளப்படும் என்பதால், 240 என்ற எண் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் நன்கு அறியப்பட்டது.

கைத்தறியில் காத்திருப்பு வேறு வகையானது. திருவில்லிபுத்தூர்ப் பகுதியின் கைத்தறி நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ உற்பத்தியாளரிடமோ பாவும் ஊடை நூலும் பெற்று, நெய்த துணியைக் கொடுத்துக் கூலி பெறுகின்றனர். அடுத்த பாவு வரும்வரை தறி ஓடாது. தறி ஓடாத நாளுக்குக் கூலியும் இல்லை.

இவ்விரண்டோடு ஒப்பிட்டால் பெஞ்சில் இருப்பவர் நல்வாய்ப்புப் பெற்றவர். காத்திருக்கும் நாளுக்கும் அவருக்கு ஊதியம் உண்டு. ஆனால் பதிலிக்கு அன்று வேலை இல்லாததன் காரணம் வெளிப்படையானது, நெசவாளருக்கும் அப்படியே. பெஞ்சில் இருப்பவருக்கு அக்காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை. ஊதியம் வந்துகொண்டிருப்பதனால் வீட்டாருக்கும் அதனை விளக்குவது எளிதன்று. பலர் விளக்குவதும் இல்லை.

கல்லூரியிலிருந்து நிறுவனத்துக்கு

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்ட 1984ஆம் ஆண்டிலேயே திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. இது 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் தொடங்கப்பட்டது. இத்தகைய கல்லூரிகளில் இறுதியாண்டில் நடைபெறும் வளாகத் தேர்வின் மூலமே பெரிய நிறுவனங்கள் பெருந்தொகையான புதியவர்களை எடுக்கின்றன. எந்தத் திட்டத்துக்கு என்று குறித்து எடுப்பதில்லை. இயந்திரவியல் படித்தவரும் குடிசார் பொறியியல் படித்தவரும் மென்பொருள் பயிற்சிக்கு அனுப்பப்படுவர்.

வேலை உறுதிக் கடிதம் வந்தவுடன் வேலை தொடங்கிவிடுவதில்லை. 2022ஆம் ஆண்டுக்குப் பின்னர் மேலைநாட்டு வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தபோது, இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் தேர்வானவர்களைச் சேர்த்துக்கொள்வது ஓராண்டுக்கு மேலும் தள்ளிப்போயிற்று. இக்காலம் நிறுவனத்தின் கணக்கில் பெஞ்ச் அன்று; கடிதம் பெற்றவர் இன்னும் ஊழியர் அல்லர். ஊதியமற்ற இக்காத்திருப்பு பதிலியின் நிலைக்கே நெருக்கமானது. கல்விக்கடன் பெற்ற குடும்பங்களில், படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும் என்ற கணக்கும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

பணியில் சேர்ந்தபின் இடம் சென்னையாகவோ பெங்களூராகவோ அமைகின்றது. மாலையில் செங்கோட்டையிலிருந்து புறப்பட்டு இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக மறுநாள் காலை சென்னை எழும்பூரை அடையும் பொதிகை விரைவுத் தொடர்வண்டி, பழைய மாமல்லபுரம் சாலையின் விடுதிகளுக்குச் செல்லும் இளைஞர்கள் பலருக்கு வழக்கமான வண்டி. ஆடிப்பூரத் தேருக்கு ஊர் வர விடுப்புக் கிடைக்குமா என்பதும் திட்டத்தின் கால அட்டவணையைப் பொறுத்ததே.

பெஞ்சில் ஒரு நாள்

பெஞ்சில் இருப்பவரும் பெரும்பாலும் அலுவலகம் வர வேண்டும். மேசை ஒதுக்கப்படாமல் கிடைத்த இடத்தில் அமர்வார். நிறுவனத்தின் உள்பணித் தளத்தில் எந்தத் திட்டத்துக்கு எவ்வகை ஆள் தேவை என்று பார்ப்பதும், ஆட்களை ஒதுக்கும் "ஆர்.எம்.ஜி." பிரிவினருக்கு எழுதுவதும், இணையவழிப் பாடங்களை முடித்துச் சான்றிதழ் பெறுவதும் அன்றாட வேலைகள். பொருத்தமான திட்டம் வந்தால் உள்நேர்காணலும் சில வேளைகளில் வாடிக்கையாளர் நடத்தும் நேர்காணலும் நடைபெறும். ஏற்கெனவே வேலை கிடைத்தவர் மீண்டும் மீண்டும் வேலைக்கு நேர்காணல் தருகின்றார் என்பது வெளியாருக்கு வியப்பாக இருக்கலாம்.

வரும் வாய்ப்பை மறுப்பது கடினம். ஜாவா பயின்றவர் இரவுநேரப் பராமரிப்புப் பணிக்கு அழைக்கப்படுவார். சென்னையில் இருப்பவர் புனேவுக்கு அழைக்கப்படுவார். மறுத்தால் அது பதிவாகும். ஆண்டு மதிப்பீடு பணியின் விளைவை அளவிடுவதால், திட்டமின்றி இருந்த மாதங்களுக்குக் காட்ட எதுவும் இராது. ஊதியத்தின் ஒரு பகுதி செயற்பாட்டோடு இணைக்கப்பட்டிருந்தால் அப்பகுதி குறையும். மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் இதன் கடுமையான வடிவம் "உயர்வு அல்லது வெளியேற்றம்" எனப்படும் வழக்கம். குறிப்பிட்ட ஆண்டுகளில் அடுத்த படிநிலைக்கு உயராதவர் விலகிக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவார்.

திட்டம் கிடைத்தபின் நிலை எதிர்மாறாகிவிடுவதும் உண்டு. குறைந்த ஆட்களைக் காட்டி ஒப்பந்தம் பெறப்பட்டிருந்தால் வேலை நேரம் நீளும். ஆனால் நேரப்பதிவுத் தாளில் எட்டு மணி நேரமே எழுதப்படும். 2024ஆம் ஆண்டு புனேயில் பன்னாட்டுக் கணக்காய்வு, ஆலோசனை வலையமைப்பு ஒன்றைச் சார்ந்த நிறுவனத்தில் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன 26 வயது இளம்பெண் இறந்தபோது, பணிச்சுமையே காரணம் என அவருடைய தாயார் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் நாடு முழுவதும் பேசப்பட்டது. நிறுவனம் அதனை ஏற்கவில்லை.

2025ஆம் ஆண்டின் மாற்றங்கள்

2025 ஜூன் மாதம் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், ஊழியர் ஒருவர் ஆண்டில் குறைந்தது 225 பணி நாட்கள் கட்டணம் பெறும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்றும், பெஞ்ச் 35 நாட்களுக்கு மேற்படலாகாது என்றும் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000 பேருக்கு மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. திட்டம் தேடிக்கொள்ளும் பொறுப்பு ஊழியருடையது என்ற கருத்து இதனால் மேலும் வலுப்பெற்றது. ஆலைத் தொழிலாளருக்கு 240 நாள் ஓர் உரிமையின் தொடக்கமாக இருந்தது. 225 நாள் என்பது ஊழியர் நிறைவேற்ற வேண்டிய கடமை.

சட்ட நிலை

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆலையில் வேலையளிக்க இயலாத நாட்களுக்குப் பதிலியல்லாத, ஓராண்டு பணி முடித்த தொழிலாளருக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாக வழங்கப்பட வேண்டியிருந்தது. இவ்விதி தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே பொருந்தியது. ஆட்குறைப்புக்கு ஒரு மாத அறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும் என்ற விதி பரவலானது. மென்பொருள் ஊழியர் இச்சட்டத்தின்படி தொழிலாளரா என்பதே நெடுங்கால வழக்காக இருந்தது. 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கருவுற்றிருந்த மென்பொருள் ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2016இல் தமிழ்நாடு அரசு, தகவல் தொழில்நுட்பத் துறையினரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

எனினும் பெஞ்ச் காரணமாக வெளியேறுவோரில் பலர் பணிநீக்கம் செய்யப்பட்டவராகப் பதிவாவதில்லை. அவர்களே விலகல் கடிதம் தந்ததாகப் பதிவாகின்றது. அடுத்த நிறுவனம் முந்தைய பணியைச் சரிபார்க்கும்போது பணிவிடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் கேட்கும் என்பதால், நீக்கப்படுவதைவிட விலகுவதே பாதுகாப்பானது எனப் பலர் கருதுகின்றனர். அவ்வாறு தாமாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடைப்பதில்லை.