நான்கு தோல்விக்குப் பின்

சதுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி உண்டு. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் பலமானவருக்கே போகும் என்பது கணக்கு. மிகுதி ஒரு புள்ளி பலம் குறைந்தவருக்கு. சகோதரிகளே, இம்மாதம் அந்த ஒரு புள்ளியைப் பற்றிப் பேசுவோம்.

2024 ஏப்ரலில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பெண்களுக்கான கண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தெரிவு செய்யும் போட்டி இது. எட்டுப் பெண்கள், 14 சுற்றுகள். சென்னையைச் சேர்ந்த வைஷாலிக்கு அப்போது 22 வயது. வங்கி ஊழியரின் மகள். தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே பெற்றோர் அவரைச் சிறுவயதில் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். தரப்புள்ளியில் எட்டுப் பேரில் ஏழாவதாக இருந்தார்.

ஆறாம் சுற்றில் தோற்றார். ஏழு, எட்டு, ஒன்பதிலும் தோல்வி. இரண்டரைப் புள்ளியுடன் கடைசி இடம். இனிப் பட்டம் இல்லை என்று தெரிந்தும் அடுத்த நாள் கதிரையில் வந்து அமர்ந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் சுற்றுகளில் வென்றார். பதின்மூன்றில் எதிரே சீனாவின் லெய் டிங்ஜி. 2023 இல் உலகப் பட்டத்துக்கு மோதியவர். முதலிடத்துக்கு மிக அருகில் நின்றவர். அவரையும் வென்று, கடைசிச் சுற்றையும் வென்றார். ஏழரைப் புள்ளியுடன் இரண்டாமிடத்தை லெய், ஹம்பி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் எங்கள் பெண்கள் குழுவிடம் இதைச் சொன்னேன். போரில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து தாய்வீட்டு லயத்துக்குத் திரும்பிய ஓர் அக்கா கேட்டார்: "வெட்டுப்பட்ட காயைத் திரும்ப அடுக்கலாம் மிஸ். போன மனுசரை அடுக்க ஏலுமா?"

"ஏலாது அக்கா," என்றேன். இழப்பு விளையாட்டல்ல. ஐந்து வெற்றிகளும் வைஷாலிக்குப் பட்டத்தைத் தரவுமில்லை. அது டான் ஜோங்யிக்குப் போனது.

ஆனால் அந்த அக்காவுக்கு இன்னோர் ஆட்டம் மிச்சமிருக்கிறது. கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகம் அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சட்டம் தெரியும், மொழி தெரியும். அக்காவுக்கு நடந்தது தெரியும். மூன்றாம் முறைக்காகக் கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

நீங்களும் அலுவலகம் போகும்போது தனியே போகாதீர்கள். பிரதி எடுத்து வையுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "பிறகு வாங்க" என்றால், எந்த நாள் என்று கேளுங்கள். அந்த நாளில் போய் நில்லுங்கள்.