ஆன்டெனா நீண்டால் விமானம் தூரம் போகுமா?

அறுவடை முடிந்த கெப்பாலா பத்தாஸ் நெல் வயலைப் பார்த்தால், ரேடியோ மாதிரி விமானம் பறக்கவிட இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றும். மறைக்கும் கட்டடம் இல்லை. வடக்கே தொலைவில் ஜெராய் மலை மட்டும்தான். விமானம் வாங்கியவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும்: டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் குட்டை ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, இணையத்தில் விற்கும் நீளமான ஒன்றை மாட்டினால் என்ன?

மாட்டலாம். ஆனால், நீளம் என்பது நம் விருப்பம் அல்ல. படிவம் நான்கு இயற்பியலில் படித்திருப்பீர்கள்: வேகம் = அதிர்வெண் × அலைநீளம். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். முன்பு அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்குப் பயன்பட்ட 72 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 4.2 மீட்டர், அதில் கால் பங்கே ஒரு மீட்டரைத் தாண்டும். அந்தக் காலத்து டிரான்ஸ்மிட்டரில் தூண்டில் கோல்போல் இழுத்து நீட்டும் ஆன்டெனா இருந்தது இதனால்தான். இன்று பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அலைநீளம் 12.5 செ.மீ., கால் பங்கு 3.1 செ.மீ. ஆகவே குட்டையாக இருப்பது குறையன்று, கணக்கு.

அப்படியானால் 'கூடுதல் திறன்' என்று விற்கிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை, பாதி உண்மை. ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. கிடைத்ததைத் திசை பார்த்துப் பங்கிடுகிறது. ஓர் உளுந்து வடையின் ஓட்டைக்குள் பென்சிலைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். பென்சில்தான் ஆன்டெனா, வடைதான் அலை பரவும் வடிவம். நீளமான ஆன்டெனா செய்வது, மேலும் கீழும் கை வைத்து வடையை அமுக்குவதுதான். மாவு கூடவில்லை. பக்கவாட்டில் அகலும், மேலும் கீழும் மெலியும். 2 டெசிபெல் ஆன்டெனாவுக்குப் பதிலாக 5 டெசிபெல் மாட்டினால் பக்கவாட்டில் சக்தி இரண்டு மடங்காகும், தூரமோ 1.4 மடங்குதான். விலையாக, தலைக்கு மேலே வரும் விமானத்துக்குச் சிக்னல் மெலிகிறது. வடை ஓட்டையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கிக் குறிபார்ப்பது மிக மோசமான பழக்கம் என்று சொல்வது அதனால்தான்.

இன்னொரு பொறி திருகுமுனையில் இருக்கிறது. எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என இருவகை உண்டு. மரை பொருந்தும், அழகாகத் திருகும். ஆனால் வகை மாறினால் நடு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் துளையே இருக்கும். வைஃபை கருவியின் ஆன்டெனாவை மாட்டுபவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். மேசைமேல் எல்லாம் வேலை செய்யும். சற்றுத் தள்ளிப் போனதும் விமானம் கைவிட்டுப் போகும். வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரின் பெருக்கியைக் கெடுக்கவும் கூடும். திருகும் முன் ஊசியைக் கண்ணால் பாருங்கள்.

சோதிக்கும் முறை எளிது. பல டிரான்ஸ்மிட்டர்களில் 'ரேஞ்ச் செக்' வசதி உண்டு. அது சக்தியை வேண்டுமென்றே குறைக்கும். 30 டெசிபெல் குறைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூரம் ஏறக்குறைய 32இல் ஒரு பங்கு. அதாவது அந்த நிலையில் 30 மீட்டர் வரை கட்டுப்பட்டால், முழுச் சக்தியில் திறந்த வெளியில் சுமார் 950 மீட்டர் எதிர்பார்க்கலாம். உங்கள் கருவி எவ்வளவு குறைக்கிறது என்று கையேட்டில் பாருங்கள். புரொபெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தை மர முக்காலிமேல் வையுங்கள். முதலில் பழைய ஆன்டெனாவுடன் நடந்து, கட்டுப்பாடு தடுமாறும் இடத்தைக் குறியுங்கள். பிறகு புதியது. அதே இடம், அதே உயரம், நிறைந்த மின்கலம். நண்பர் விமானத்தை நாலு பக்கமும் திருப்பட்டும். நீங்களும் ஒருமுறை முதுகைக் காட்டி நில்லுங்கள். நம் உடம்பில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸை எப்படி விழுங்குகிறது என்று தெரியும்.

எதிரொளிக்கும் சக்தியை அளக்கும் கையடக்கக் கருவிகளும் மலிவாகக் கிடைக்கின்றன. நிலையலை விகிதம் 2 என்றால் 11 விழுக்காடு திரும்பி வருகிறது, அது பரவாயில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினால் விகிதம் அருமையாக 1 காட்டும், ஓர் அலையும் வெளியே போகாது!

வயல் காலியாக இருப்பதால் வானமும் காலி என்று எண்ண வேண்டாம். பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் அருகில்தான் இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்பதை மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்து, பெரியவர் ஒருவருடன் முடிவு செய்யுங்கள்.

காசு செலவழிக்கும் முன் விமானத்துக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். ரிசீவர் கம்பியின் நுனியில் உறையில்லாத அந்த 31 மில்லிமீட்டர் மடங்கியோ, மின்கலத்தின் அடியில் நசுங்கியோ கிடக்கலாம். இரண்டு கம்பி இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் ஒன்றாவது அலையைப் பிடிக்கும். அதைச் சரிசெய்து ஒட்ட ஒரு துண்டு டேப் போதும்.