சலோமியும் கண்ணகியும்: குறியீட்டுவாத ஓவியத்தின் பெண் படிமங்கள்

நிலாவெளியிலிருந்து தெற்கே நீளும் கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட ஓரிடத்திற் கிடைத்ததாகக் கொள்ளப்படும் வெண்கலத் தாரை உருவம், 1830 இல் முன்னாள் தேசாதிபதி பிரவுன்றிக்கின் கொடையாகப் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது. ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டினதாகிய அவ்வுருவம், மேலுடம்பு ஆடையின்றி அமைந்தமையால், பல்லாண்டுகள் பொதுமக்கள் கண்ணிற்படாது வைக்கப்பட்டிருந்தது. வழிபாட்டுக்குரிய பெண்ணுருவிலும் காமத்தையே கண்டு அஞ்சிய அந்த நூற்றாண்டின் ஐரோப்பிய நடுத்தர வர்க்கமே குறியீட்டுவாத ஓவியத்தையும் ஈன்றது.

மொரேயாஸ் 1886 இல் வெளியிட்ட பிரகடனத்தாற் பெயர்பெற்ற இவ்வியக்கத்தில், பெண் பெரும்பாலும் இரு வடிவங்களில் தோன்றுகிறாள்: களங்கமற்ற கன்னி, ஆடவனை அழிக்கும் மோகினி. பின்னையதன் தலைசிறந்த உருவம் சலோமி. குஸ்தாவ் மோரோ 1876 இற் காட்சிக்கு வைத்த ஓவியங்களில், துண்டிக்கப்பட்ட யோவானின் தலையை எதிர்நோக்கி நிற்பவள் அவளே. பெல்ஜிய ஓவியர் கினொப் 1896 இல் பெண்முகத்துக்குச் சிறுத்தையின் உடலையே கொடுத்துவிட்டார்! ஆனால் மாற்கு, மத்தேயு சுவிசேஷங்களில் அப்பெண்ணுக்குப் பெயர்தானும் இல்லை. தாயின் தூண்டுதலாலேயே அவள் தலையைக் கேட்கிறாள். பெயரற்ற அச்சிறுமி கொலைவெறி கொண்ட மோகினியாக வளர்ந்தமைக்குக் காரணம் யாது?

யுங்கின் வழிநின்று இதனை மனித மனத்தின் என்றுமுள்ள தொல்படிமம் எனக் கூறுதல் எளிது. நம்மவரிற் சிலரும் அவ்வாறே கூறுவர். எனினும் பிரான்சில் 1880 இற் பெண்களுக்கு அரசாங்க இடைநிலைக் கல்வி சட்டமாயிற்று. 1884 இல் மணவிலக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆலைகளிற் பெண்கள் கூலி பெற்றனர். உரிமை கோரத் தொடங்கிய பெண்ணைக் கண்ட அச்சமே காலங்கடந்த இயல்பென முகமூடி அணிந்தது என்பது எமது கருத்து. அவ்வோவியங்களிற் பெண்ணின் கையில் மலருண்டு, வாளுண்டு. உழைப்பின் சுவடு அரிதினும் அரிது.

கண்ணகியையும் 'அழிக்கும் பெண்' என்னும் அதே கூட்டில் அடைக்கும் போக்கு இவ்விடத்தில் மறுக்கப்பட வேண்டியது. (தாரை உருவமே ஒருகாற் பத்தினித் தெய்வமெனக் கருதப்பட்டதுண்டு.) சலோமி தலையைக் கேட்டது நடனத்துக்குப் பரிசாக, கண்ணகி கேட்டது கணவன் கொலைக்கு நீதி. அவளது சினத்துக்குக் காரணம் அரசனின் பிழை, பெண்ணியல்பன்று.

கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கு குளிர்த்தியுடன் நிறைவுறுகிறது. சினத்தைத் தணிப்பதே அதன் நோக்கமாதலின், இங்கும் பெண்ணின் சினம் ஆபத்தெனவே கொள்ளப்படுகிறது என்று வாதிடலாம். அதில் உண்மையுண்டு, அம்மனின் வெம்மையே அம்மை நோயென மக்கள் அஞ்சினர். ஆயினும் சடங்கின் ஒழுங்குமுறையை நோக்குதல் வேண்டும். கண்ணகி வழக்குரை முதலிற் பாடப்படுகிறது. அவள் வழக்கை ஊரார் முழுவதுங் கேட்கின்றனர். பாண்டியனின் குற்றம் அங்கே நிறுவப்படுகிறது. அதன் பின்னரே அவளைக் குளிருமாறு வேண்டுகின்றனர்.