படகு ஏன் புறப்படவில்லை?

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? வானம் தெளிவாக இருக்கும். காற்றும் மெல்லத்தான் வீசும். ஆனாலும் சில நாட்களில், 'விவேகானந்தர் பாறைக்குப் படகு கிடையாது' என்று அறிவித்துவிடுவார்கள். பாறையோ கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தூரம்தான். இதைக் கடக்கவா பயம்?

ஆபத்து கடப்பதில் அதிகமில்லை. ஏறி இறங்குவதில்தான் இருக்கிறது. அலையோடு படகு உயர்ந்து தாழும். படகுத்துறை மேடை அசையாது. நீங்கள் கால் வைக்கும் அந்த நொடியில் படகு ஒரு மீட்டர் கீழே போனால் என்ன ஆகும்?

சரி, காற்றில்லாத நாளில் அலை எங்கிருந்து வந்தது? குமரிமுனைக்குத் தெற்கே நெடுந்தூரம் கடல்தான். பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென்பெருங்கடலில் புயல் வீசும்போது, நீண்ட அலைகள் பிறக்கின்றன. 16 வினாடிக்கு ஒன்றாக வரும் அலைகளில், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 400 மீட்டர் இருக்கும். இவ்வலைகளின் ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் பயணம் செய்யும். ஆக, போன வாரப் புயல் இன்று நம் கரையைத் தொடுகிறது!

ஆழ்கடலில் இவை சாதுவானவை. ஆழம் குறையக் குறைய இவற்றின் வேகம் குறைந்து, உயரம் கூடுகிறது. முன்னறிகுறி எதுவுமின்றித் திருடனைப்போல் வருவதால், இதை மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் அலை பலிகொண்டது. அது கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரம்.

அலை மட்டுமல்ல, நீர்மட்டமும் படகை நிறுத்தும். கடல் உள்வாங்கி நீர் குறைந்தால், திருவள்ளுவர் சிலையைச் சுற்றியுள்ள பாறைகளில் படகு தட்டும். விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே செல்ல 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஆனால் பாறை வரை செல்லப் படகு வேண்டுமே!

எனவே பயணத்தை எப்படித் திட்டமிடுவது? கள்ளக்கடல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வரும். நமக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் புறப்படுமுன் பாருங்கள். படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். அன்று படகு இல்லாவிட்டால் மறுநாள் இருக்கிறதல்லவா?

படகு நின்ற நாளில் கடலில் இறங்கிக் குளிக்கவும் கூடாது. படகை நிறுத்திய அதே அலைதான் கரையிலும் வந்து மோதுகிறது!