நகையும் துப்பும் – 7: சின்னத்திரையில் சாம்பு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உறைவதாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவையைப் பற்றித் தமிழ் மரபில் இரண்டு செய்திகள் வழங்குகின்றன. சங்கப் பாடல்கள் அதனைத் தெய்வம் அமைத்த பாவை என்றும், காற்று மோதினாலும் இடி தாக்கினாலும் தன் வடிவு கெடாதது என்றும் கூறுகின்றன. பிற்கால வழக்கோ, மலைக்கு வரும் அரக்கரைப் புன்னகையால் மயக்கிக் கொல்வதற்கென்றே அது நிறுவப்பட்டது என்கிறது. மாறாத முகம் ஒன்று, அதன் எதிரே நிலைகுலையும் தீயவர் பலர் என்னும் இந்தச் சேர்க்கை, நகைச்சுவையும் குற்றமும் சந்திக்கும் கதைகளை ஆராய்பவரின் கவனத்துக்குரியது. ஏனெனில் தமிழ் வாசகர் மிகவும் விரும்பிய நகைச்சுவைத் துப்பறிவாளரான சாம்புவும் ஏறத்தாழ அப்படிப்பட்ட ஒரு முகத்தையே மூலதனமாக வைத்துத் தொழில் நடத்தியவர். அந்த முகம் அச்சுப் பக்கத்திலிருந்து தொலைக்காட்சிக்குப் பெயரும்போது எழும் சிக்கல்களே இந்தப் பகுதியின் பொருள்.

'தேவன்' என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1913-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். இளமையிலேயே ஆனந்த விகடனில் சேர்ந்து, கல்கி விலகிச் சென்ற பின்னர் அதன் நிர்வாக ஆசிரியராகி, 1957-இல் மறையும் வரை அந்த இதழோடு வாழ்ந்தவர். 1942-இல் தொடங்கி அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு' ஒரே கதையாக நீளும் நாவலாக அமையாமல், ஒரே நாயகரைச் சுற்றி எழுதப்பட்ட ஐம்பது தனிக்கதைகளின் வரிசையாக அமைந்தது. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து வேலையை இழந்தவர், நாற்பது வயதைத் தொட்டவர், வழுக்கைத் தலையும் நீண்ட மூக்கும் கொண்டவர், எல்லோராலும் அசடு என்று முடிவு கட்டப்பட்டவர் – இப்படிப்பட்ட ஒருவர் எதையோ செய்யப்போய், அது வேறெங்கோ இடறி, அந்த இடறலில் திருடன் அகப்பட்டுக்கொள்ள, ஊரார் அதனை மேதையின் கணக்கு என்று கொண்டாடுவதே பெரும்பாலான கதைகளின் அமைப்பு. இன்ஸ்பெக்டர் கோபாலன் அந்தக் கொண்டாட்டத்தின் தலைமைப் பக்தர். வேம்பு என்ற மனைவியும் சுந்து என்ற மகனும் பின்னர் வந்து சேர, சாம்பு துப்பறிவாளராக மட்டும் நில்லாமல் குடும்பஸ்தராகவும் வாசகரின் வீட்டுக்குள் நுழைந்தார்.

தழுவல் என்பது ஓர் ஊடகத்தில் பிறந்த படைப்பை வேறோர் ஊடகத்தின் இலக்கணத்துக்கு ஏற்ப மறுபடி ஆக்குவதாகும். அவ்வாறு ஆக்குகிறவர் கதையில் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, கதையை யார் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும். சாம்பு கதைகளில் இந்தக் கேள்வியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாம்புவின் மூளைக்குள் ஒன்றும் ஓடவில்லை என்பது கதை சொல்பவருக்குத் தெரியும், அவர் சொல்வதால் வாசகருக்கும் தெரியும், கதைக்குள் நடமாடும் கோபாலனுக்கும் மற்றவர்களுக்கும் மட்டும் தெரியாது. பாத்திரங்கள் அறியாத ஒன்றை வாசகர் அறிந்திருப்பதால் பிறக்கும் இத்தகைய சுவையை முரண்நகை என்பர். தேவன் அதனைக் குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வது போன்ற சாதாரணத் தொனியில் நடத்திச் செல்கிறார். சாம்பு விழித்தார் என்றோ, பேசாமல் இருந்தார் என்றோ ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் போதும், அந்த மௌனத்துக்குக் கோபாலன் ஏற்றும் பொருளும் அதன் உண்மையான வெறுமையும் ஒரே நேரத்தில் வாசகருக்குப் புலப்பட்டுவிடும். தொலைக்காட்சியில் இந்தக் கதைசொல்லி இல்லை. கேமரா முகத்தைக் காட்டும். முகத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பதை அதனால் சொல்ல முடியாது.

சாம்புவின் முகம் அதற்கு முன்பே பல கைகளில் உருப்பெற்றிருந்தது. கதைகள் வெளிவந்த காலத்தில் ராஜுவின் ஓவியங்களும், பின்னர் சித்திரத் தொடராக வந்தபோது கோபுலுவின் கோடுகளும் அந்த மூக்கையும் தலையையும் வாசகர் மனத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டன. கோபுலுவின் சாம்புவைப் பார்த்துப் பழகியவருக்கு வேறொரு முகம் சாம்புவாகத் தோன்றுவது எளிதன்று. நாவலைத் தழுவுகிறவர் பெரும்பாலும் சொற்களோடு மட்டுமே போட்டியிட, சாம்புவைத் தழுவுகிறவர் தமிழகத்தின் தலைசிறந்த கேலிச்சித்திரக்காரர் ஒருவரின் கோட்டோடும் போட்டியிட வேண்டியிருந்தது. தூர்தர்ஷனில் சாம்பு தொடராக வந்தபோது அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் நாடகத்தில் நடித்த கார்ட்டூனிஸ்ட் பாத்திரத்தின் பெயரையே பட்டப்பெயராகச் சுமந்து, சென்னை சபா மேடைகளில் பல்லாண்டு நின்றவர். அவருடைய தேர்வில் ஒரு நல்ல கணக்கு இருந்தது. சபா நாடக நடிகருக்கு வசனத்தை விட்டுவிட்டுச் சும்மா நிற்கவும் தெரியும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கிய பின் அடுத்த சொல்லை எடுக்கும் பழக்கம் மேடையில்தான் கைவரும்.

தூர்தர்ஷனின் அமைப்பும் சாம்புவுக்கு ஒத்துப்போகக்கூடியதாகவே இருந்தது. 1975-இல் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது; எண்பதுகளின் நடுவில் ஸ்பான்ஸர் தொடர்கள், அதாவது விளம்பரதாரரின் பணத்தில் தனியார் தயாரித்து அளிக்கும் தொடர்கள், பெருகின; அவற்றுக்குப் பெரும்பாலும் பதின்மூன்று வாரங்கள் என்ற அளவில் அனுமதி வழங்கப்பட்டது. வாரம் ஒரு கதை, அரை மணி நேரம், அடுத்த வாரம் புதிய குற்றம் என்னும் இந்த ஒழுங்கு, வார இதழுக்காக எழுதப்பட்ட தனிக்கதைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. 1985-இல் பங்கஜ் பராசர் இயக்கிய 'கரம்சந்த்' இந்தித் தொடரில் கேரட்டைக் கடித்துக்கொண்டே துப்புத் துலக்கிய பங்கஜ் கபூர், நகைச்சுவைத் துப்பறிவாளருக்கு இந்த அளவு பொருந்தும் என்பதை ஏற்கெனவே காட்டியிருந்தார். ஆனால் கரம்சந்த் புத்திசாலி. அவருடைய கோமாளித்தனம் அறிவின் மேல் போர்த்திய போர்வை. சாம்புவிடம் போர்வைக்கு அடியில் எதுவும் இல்லை என்பதால் அவரைப் படமாக்குவது பல மடங்கு கடினம்.

அந்தக் கடினத்தை ஒரே காட்சியில் வைத்துப் பார்க்கலாம். சாம்பு கால் தடுக்கி விழுகிறார், விழுந்த வேகத்தில் மறைந்திருந்த திருடன் வெளிப்படுகிறான், கோபாலன் வியக்கிறார் என்று கொள்வோம். இயக்குநர் முதலில் சாம்புவின் முகத்தை அண்மைக் காட்சியில், அதாவது திரை முழுவதும் முகமே நிரம்பும்படி, காட்டினால் பார்வையாளர் உடனே அந்தக் கண்களில் ஏதேனும் எண்ணம் ஓடுகிறதா என்று தேடத் தொடங்குவார். திட்டமிட்டுத்தான் விழுந்தாரோ என்ற ஐயம் ஒரு நொடி எழுந்தால்கூடக் கதையின் அடித்தளம் ஆட்டம் கண்டுவிடும். விழுவதையும் திருடன் வெளிப்படுவதையும் வெட்டின்றி ஒரே அகன்ற சட்டகத்தில் வைத்தால், இது தற்செயல் என்பதைப் பார்வையாளரே கண்ணால் கண்டு உறுதிசெய்துகொள்கிறார். அவ்விடத்தில் கதைசொல்லியின் வேலையைச் சட்டகமே செய்துவிடுகிறது. அதன் பிறகு அண்மைக் காட்சி போக வேண்டிய இடம் கோபாலனின் முகம். நடந்ததற்கு ஒரு பாத்திரம் காட்டும் விளைவைப் பதிவுசெய்யும் இத்தகைய எதிர்வினைக் காட்சியில் கோபாலனின் கண்கள் விரிந்து, அவர் உள்ளூர ஒரு தர்க்கத்தைக் கட்டி முடித்துத் தலையசைக்கும்போது, தேவன் எழுதிய வாக்கியம் திரையில் மீண்டும் பிறக்கிறது. சாம்பு அந்த நேரம் வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும்.

பின்னணிக் குரலில் ஒருவரைக் கதை சொல்ல வைப்பது எளிய வழியாகத் தோன்றும். பி.ஜி. உட்ஹவுஸின் பெர்ட்டி வூஸ்டர் கதைகளை 1990 முதல் 1993 வரை இங்கிலாந்தின் ஐடிவி தொடராக்கியபோது இதே சிக்கல் எழுந்தது. அவற்றின் இன்பம் பெரும்பகுதி பெர்ட்டி தன் வாயால் சொல்லும் தன்கூற்றில் இருந்தது. திரைக்கதை எழுதிய கிளைவ் எக்ஸ்டன் அந்தத் தன்கூற்றைக் கைவிட்டு, பெர்ட்டியாக நடித்த ஹ்யூ லாரியின் முகத்திலும் அவருடைய பணியாளராக நடித்த ஸ்டீபன் ஃப்ரையின் அசையாத புருவத்திலும் அதனை ஏற்றினார், தொடர் வென்றது. இன்னொரு முனையில், டக்ளஸ் ஆடம்ஸ் 1987-இல் வெளியிட்ட டர்க் ஜென்ட்லி நாவலை 2010-இல் பிபிசி ஃபோர் படமாக்கியபோது, காணாமற்போன பூனை முதலான சில துணுக்குகளையும், உலகில் எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையது என்று நம்பும் துப்பறிவாளரின் வழிமுறையையும் வைத்துக்கொண்டு கதையைப் பெரிதும் புதிதாக எழுதினார்கள். நாவலைப் போற்றுவோருக்கு இது வருத்தம் தரலாம். ஆயினும் நகைச்சுவைத் துப்பறியும் கதையில் முடிச்சைவிட மனிதரே முதன்மை என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள்.

தமிழ்த் திரைப்படம் இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. எழுத்தாளர் சுஜாதா படைத்த வழக்கறிஞர்களான கணேஷ், வசந்த் இணையின் உயிர் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் குறும்பில் இருக்க, 1977-இல் வந்த 'காயத்ரி'யில் ஜெய்சங்கரும், 1978-இல் வந்த 'ப்ரியா'வில் ரஜினிகாந்தும் கணேஷாக நடித்தபோது, அந்தக் காலத்துத் திரைக்குத் தேவைப்பட்ட நாயக வடிவமே மேலோங்கியது. 'ப்ரியா' நாவலின் லண்டன் படத்தில் சிங்கப்பூரானது அத்தனை பெரிய இழப்பன்று. இடம் மாறலாம், பேச்சின் தாளம் மாறினால் மனிதரே மாறிவிடுவார்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல் தேவை. குற்றவாளியைத் தேடி ஒருவர் காரில் கொல்லிமலை ஏறினார் என்று எழுதுவதற்கு அச்சில் ஒரு வரி போதும். அதே வரியைப் படமாக்க, காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கேமராவையும் விளக்குகளையும் ஆட்களையும் ஏற்றிச் செல்ல வேண்டும். குறைந்த செலவில் வாரத் தொடர் எடுப்பவர் அதனை வீட்டுக்கூடத்தில் பேசப்படும் செய்தியாக மாற்றிவிடுவார். சாம்பு இவ்வகையில் தழுவுவோருக்கு இணக்கமானவர். அவருடைய உலகம் கூடம், திண்ணை, காவல் நிலையம், கல்யாண வீடு ஆகியவற்றுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இடத்தைவிடக் காலமே சாம்புவுக்குச் சிக்கலானது. 1953-இல் நின்றுபோன டிராம் வண்டி சென்னையில் ஓடிக்கொண்டிருந்த நாட்களின் மனிதர் அவர். தந்தி, ஜட்கா, குமாஸ்தா வேலையின் கௌரவம், ஒரு மனிதரின் புகழ் வாய்மொழியாகவே ஊரெங்கும் பரவும் வேகம் ஆகியவை இல்லாமல் அவர் கதை நகராது. கைரேகையும் கண்காணிப்புக் கேமராவும் நிறைந்த இன்றைய நிலையத்தில், ஓர் இன்ஸ்பெக்டர் தற்செயலை மேதைமை என்று நம்புவதற்கு இடமே இல்லை. எனவே சாம்புவை நிகழ்காலத்துக்கு இழுத்து வருவதைக் காட்டிலும், நாற்பதுகளின் சென்னையைப் பொறுமையாகக் கட்டி எழுப்புவதே நேர்மையான தழுவலாகும். அதற்குச் செலவு ஆகும் என்பதும் உண்மையே.

இணையவழித் தளங்கள் இன்று தொடர்களைத் தயாரிக்கும் முறையில் இன்னொரு இடர் உள்ளது. ஒரே குற்றத்தை எட்டுப் பத்துப் பகுதிகளுக்கு இழுக்கும் வழக்கத்துக்குள் சாம்புவைப் புகுத்தினால், எட்டாம் பகுதிக்குள் சாம்பு ஒன்று உண்மையிலேயே அறிவாளியாக வேண்டும், அல்லது சுற்றியிருப்பவர்கள் அனைவரும் மூடர்களாக வேண்டும். இரண்டும் தேவனுக்கு இழைக்கும் அநீதி. அவர் கதைகளில் குற்றம் குற்றமாகவே இருக்கிறது. திருட்டுப் போனவரின் துயரம் பொய்யில்லை. காவல்துறையினர் தம் வேலையைத் தெரிந்தவர்கள். அத்தனை பொறுப்புள்ளவர்களுக்கு நடுவே ஒரே ஓர் அசடு வெற்றி பெறுவதால்தான் சிரிப்பு வருகிறது. ஆகவே ஐம்பது கதைகளையும் தனித்தனியாக, இருபத்தைந்து நிமிடங்களுக்குள் சொல்ல முன்வருகிறவர் நடிகர் தேர்வைச் சாம்புவில் தொடங்க வேண்டியதில்லை. கூர்மையும் கம்பீரமும் நேர்மையும் உடையவராக, தவறான ஒன்றை முழு மனத்தோடு நம்பக்கூடியவராக ஒரு கோபாலன் முதலில் கிடைக்க வேண்டும்; அவர் யாரைப் பார்த்து வியக்கிறாரோ அவரைச் சாம்பு என்று ஏற்பதில் பார்வையாளருக்குத் தயக்கம் இராது.