வேலியோரத்து நெசவாளி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களைச் சூழ்ந்து கிளுவையும் பூவரசும் வேலியாக நிற்கும் ஒழுங்கைகளிலே, மாரி மழை ஓய்ந்ததொரு விடியற்காலையில் நடந்து செல்வோர் அரிய காட்சியொன்றைக் காண்பர். கதியால்களுக்கு இடையே சக்கர வடிவான வலைகள் தொங்கும். இழைதோறும் பனித்துளி அரும்பி நிற்கும். வெயில் ஏறியதும் துளி மறையும். வலையும் கண்ணுக்குப் புலப்படாது போகும். அவ்வாறு புலப்படாதிருத்தலே அதன் வலிமையாகும்.

வீட்டு மூலைகளில் ஒட்டடை கட்டும் சிலந்தி வேறு. வேலியிலே சக்கரவலை பின்னும் சிலந்தி வேறு. இதன் தொழிலை அறிய விரும்புவோர் பொழுது சாயும் வேளையில் பொறுமையுடன் காத்திருத்தல் வேண்டும். சிலந்தி முதலில் ஓர் இழையைக் காற்றில் மிதக்கவிடும். அது எதிர்க்கிளையிற் பற்றியதும் பாலம் ஒன்று அமைந்துவிடும். பின்னர்ச் சுற்றுச்சட்டமும், நடுவிலிருந்து பிரியும் ஆரைகளும் உருவாகும். அடுத்து, கொத்தனார் சாரம் கட்டுவதுபோலப் பசையற்ற சுருளிழை ஒன்றை இடும். இறுதியாக வெளியிலிருந்து உள்நோக்கிப் பசையிழையைச் சுற்றிக்கொண்டே அச்சாரத்தை அகற்றிவிடும். இவ்வளவும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துள் முடிவுறும். சிலந்திகள் பல, பழுதடைந்த வலையைத் தாமே உண்டு, அதன் சத்தைக்கொண்டு புதுவலை பின்னுகின்றன. இதனினும் சிக்கனமான நெசவாளி யாருளர்?

சக்கரவலைச் சிலந்திக்குக் கண்கள் எட்டு இருந்தும் பார்வை கூரியதன்று. வலையின் அதிர்வே அதற்குக் கண்ணும் செவியுமாகும். 1880 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் வேர்ணன் போய்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், ஒலிக்கும் இசைக்கவையொன்றை வலையில் தொட்டுப் பார்த்தார். இரை சிக்கியதென எண்ணிய சிலந்தி ஓடிவந்து அந்த உலோகத்தையே பற்றிக்கொண்டது!

இலங்கையிற் காணப்படும் ஆர்ஜியோப்பி இனச் சிலந்திகள் வலையின் நடுவே தலைகீழாகத் தொங்கும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற் குறிபோல் விரித்திருக்கும். அக்குறியை ஒட்டியே வளைந்து வளைந்து செல்லும் வெண்பட்டுக் கோலமும் இடும். பூச்சிகளைக் கவர்வதற்கென்பர் சிலர். பறவைகள் வலையை அறுக்காதிருக்க என்பர் வேறு சிலர். அறிஞரிடையே இவ்வாதம் இன்னும் ஓயவில்லை. ஆணோ மிகச் சிறியது. வலையிழையை மீட்டித் தன் வரவை அறிவித்தே பெண்ணை நெருங்கும். ஆயினும், சில வேளைகளில் அதற்கே இரையாகிவிடும்.

சிலந்தி உண்பவற்றுள் பயிரை அழிக்கும் பூச்சிகளும் உள; சில வேளை தேனீயும் உண்டு. ஆயினும், கூலி கேளாது இரவும் பகலும் தோட்டத்தைக் காப்பவற்றுள் அதுவும் ஒன்று. பூச்சிகொல்லி மருந்தோ தீய பூச்சி, நல்ல பூச்சி, சிலந்தி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. உயிர்வேலிகள் மறைந்து மதில்கள் எழுகின்ற இடங்களில், இழை கட்டக் கிளையும் இல்லாது போகின்றது.

வேலி எல்லையைக் காட்டுவதற்கு மட்டும் உரியதன்று. அது எத்தனையோ சிற்றுயிர்களின் உறைவிடமுமாகும். கிளுவையை வெட்டக் கத்தியெடுப்போர், ஒரு மாலைப்பொழுதாயினும் அவ்வேலியோரத்தில் நின்று பார்ப்பாராயின், அவர்கள் வெட்டவிருப்பது வேலியை மாத்திரமன்று என்பது விளங்கும்.